கடல் நடுவே ஒரு ரேடியோ: வாங்கும் முன் சோதிப்பது எப்படி?

 

இன்றைய பேச்சு ரேடியோவைப் பற்றியது. பெரிய ரேடியோ அல்ல. பையில் போட்டு எடுத்துப் போகிற சின்ன ரேடியோ. கப்பலிலும் படகிலும் தோட்டத்திலும் வைத்துக் கேட்கிற ரேடியோ. அதிலும் சிற்றலை பிடிக்கிற ரேடியோ. அதை எப்படிப் பார்த்து வாங்குவது? எப்படிச் சோதிப்பது?

"செல்போன் இருக்கிறதே, ரேடியோ எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லவேண்டும்.

தீவில் ரேடியோ எதற்கு?

அந்தமான் நிக்கோபார் வரைபடத்தைப் பாருங்கள். வடக்கே டிக்லிப்பூர். தெற்கே காம்பல் பே. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 700 கிலோமீட்டர். நடுவில் மாயாபந்தர், ரங்கத், போர்ட் பிளேர், ஹட்பே, கார் நிக்கோபார், கச்சால், காமோர்ட்டா என்று சிதறிக் கிடக்கும் ஊர்கள். போர்ட் பிளேருக்கு 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கிருந்து சென்னை 1300 கிலோமீட்டருக்கும் மேல். கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள்.

செல்போனுக்குக் கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் போட்ட கேபிள் திறந்து வைக்கப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 2300 கிலோமீட்டர். அதனால் தீவுகளுக்குப் பெரிய நன்மை. ஆனால் நடுக்கடலில் கோபுரம் கிடையாது. புயலில் கோபுரம் சாய்ந்தால் செல்போன் வெறும் பெட்டி.

ரேடியோ அப்படி இல்லை. எங்கோ தூரத்தில் ஒரு நிலையம் ஒலிபரப்பினால் போதும். இங்கே கையில் இரண்டு செல் இருந்தால் போதும். இடையே கம்பி வேண்டாம். மாதக் கட்டணம் வேண்டாம்.

2016ஆம் ஆண்டு டிசம்பரில் கடல் கொந்தளித்தது. ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் படகுகள் நின்றுபோயின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் அங்கே சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்து வந்தன. இப்படிப்பட்ட நாட்களில் மனிதருக்கு முதலில் வேண்டியது சோறும் தண்ணீரும். அடுத்து வேண்டியது செய்தி. புயல் எங்கே இருக்கிறது? படகு எப்போது வரும்? இது தெரியாவிட்டால் பயம் இரண்டு மடங்காகும். வதந்தியும் பரவும்.

2004ஆம் ஆண்டு நடந்தது

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. பூமி அதிர்ந்தது. பிறகு கடல் பொங்கி வந்தது. கார் நிக்கோபார், கச்சால் போன்ற தீவுகளில் எண்ணற்ற உயிர்கள் போயின. கச்சால் தீவில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. ரப்பர்த் தோட்ட வேலைக்காக அவர்கள் அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள். எந்தத் தீவில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரியவில்லை. தொலைபேசிகள் செயலிழந்தன.

அந்த நேரத்தில் போர்ட் பிளேரில் ஒரு பெண்மணி இருந்தார். அவர் பெயர் பாரதி பிரசாத். டெல்லியைச் சேர்ந்தவர். அவர் ஒரு ஹாம் ரேடியோக்காரர். அதாவது, அரசாங்க உரிமம் பெற்று, வீட்டிலிருந்தே சிற்றலை மூலம் உலகத்தாரோடு பேசுபவர். அவரும் அவர் குழுவினரும் அந்த மாதம்தான் போர்ட் பிளேருக்கு வந்து கருவிகளை அமைத்திருந்தார்கள். பூமி அதிர்ந்ததும் பொழுதுபோக்குப் பேச்சை நிறுத்தினார்கள். அவசரச் செய்திகளை அனுப்பினார்கள். உறவினரின் நிலை தெரியாமல் தவித்த குடும்பங்களுக்குச் சிற்றலை வழியாகத் தகவல் போய்ச் சேர்ந்தது.

இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு.

ஒன்று: மற்றவை எல்லாம் நின்றாலும் சிற்றலை நிற்காது. ஒரு கம்பி, ஒரு கருவி, ஒரு பேட்டரி இருந்தால் கடல் கடந்து போகும்.

இரண்டு: கடையில் விற்கும் ரேடியோ வேறு, பாரதி பிரசாத் வைத்திருந்த கருவி வேறு. அவருடையது பேசும், கேட்கும். கடை ரேடியோ கேட்க மட்டும்தான். அதை வைத்து "காப்பாற்றுங்கள்" என்று சொல்ல முடியாது. ஆகவே கடலுக்குப் போகிறவர்கள் ரேடியோ இருக்கிறது என்று மற்றப் பாதுகாப்புக் கருவிகளை விட்டுவிட்டுப் போகக்கூடாது.

இன்னொரு முக்கியமான செய்தி. 2004இல் இந்தியாவில் சுனாமி எச்சரிக்கை மையம் இல்லை. 2007ஆம் ஆண்டுதான் ஐதராபாத்தில் அது தொடங்கப்பட்டது. இன்று எச்சரிக்கை வருகிறது. இருந்தாலும் தீவுகளுக்கு அருகிலேயே நிலநடுக்கம் வந்தால் அலை வர அதிக நேரம் ஆகாது. நிற்க முடியாத அளவுக்குத் தரை ஆடினால், ரேடியோவைத் திருகிக்கொண்டு உட்காராதீர்கள். உடனே மேட்டுக்கு ஓடுங்கள். மேட்டில் நின்றபிறகு ரேடியோவைப் போடுங்கள்.

மூன்று வகை அலைகள்

ரேடியோவில் மூன்று வகை அலைகள் உண்டு. எம்.டபிள்யூ. என்றால் மத்திய அலை. எஃப்.எம். என்றால் பண்பலை. எஸ்.டபிள்யூ. என்றால் சிற்றலை. பெட்டியில் இவை ஆங்கில எழுத்தில் இருக்கும். எது எது என்று கடைக்காரரைக் காட்டச் சொல்லுங்கள்.

பண்பலை தெளிவாகக் கேட்கும். பாட்டுக்கு நல்லது. ஆனால் அதிக தூரம் போகாது. நடுவில் மலை இருந்தால் தடுக்கும்.

மத்திய அலை தரையை ஒட்டிப் போகும். உப்புத் தண்ணீரின்மேல் இன்னும் நன்றாகப் போகும். அதனால் தீவுகளுக்கும் படகுகளுக்கும் இது ஏற்றது. இரவில் இன்னும் அதிக தூரம் கேட்கும்.

சிற்றலை வேறு மாதிரி. அது வானத்தை நோக்கிப் போகிறது. மேலே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் காற்று மிக மெல்லியதாக இருக்கும். சூரிய வெயில் பட்டு அங்கே மின்சாரம் ஏறிய அடுக்குகள் உண்டாகின்றன. சிற்றலை அங்கே பட்டுத் திரும்பித் தரைக்கு வருகிறது. சுவரில் எறிந்த பந்து திரும்பி வருவதுபோல. அதனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போகிறது. அப்படி ஓர் அடுக்கு இருப்பதை 1924ஆம் ஆண்டு ஆப்பிள்டன் என்ற ஆங்கில அறிஞர் சோதனை செய்து காட்டினார். பின்னர் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வெயிலால் உண்டாகிற அடுக்கு என்பதால் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் உண்டு. பகலில் பெரிய எண்ணுள்ள சிற்றலைகள் தூரத்திலிருந்து வரும். இரவில் சிறிய எண்ணுள்ள சிற்றலைகள் வரும். காலையில் கேட்ட நிலையம் இரவில் அதே இடத்தில் கேட்கவில்லை என்றால் பெட்டி கெட்டுவிட்டது என்று நினைக்கவேண்டாம்.

எண்ணைப் படியுங்கள்

ரேடியோவின் முகத்தில் எண்கள் இருக்கின்றன. எண் படிக்கத் தெரிந்தவரை எளிதில் ஏமாற்ற முடியாது.

மத்திய அலை எண்கள் ஏறக்குறைய 530 முதல் 1600 வரை இருக்கும். இது கிலோஹெர்ட்ஸ் கணக்கு. சிற்றலை 3 முதல் 30 வரை. இது மெகாஹெர்ட்ஸ் கணக்கு. ஒரு மெகாஹெர்ட்ஸ் என்றால் 1000 கிலோஹெர்ட்ஸ்.

சில பெட்டிகளில் 49 மீட்டர், 31 மீட்டர், 25 மீட்டர் என்று எழுதியிருக்கும். இது அலையின் நீளம். 300ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மீட்டர் கிடைக்கும். 6 மெகாஹெர்ட்ஸ் என்றால், 300ஐ 6ஆல் வகுக்க, 50 மீட்டர். 12 மெகாஹெர்ட்ஸ் என்றால் 25 மீட்டர். எண் கூடினால் அலையின் நீளம் குறையும்.

இந்தக் கணக்கு எதற்கு? ஓர் உதாரணம் பாருங்கள். அகில இந்திய வானொலியின் போர்ட் பிளேர் நிலையம் 1963ஆம் ஆண்டு தொடங்கியது. பல்லாண்டு காலம் மத்திய அலையில் 684 கிலோஹெர்ட்ஸிலும், சிற்றலையில் 4760 கிலோஹெர்ட்ஸிலும் அது ஒலிபரப்பியது. 4760 கிலோஹெர்ட்ஸ் என்றால் 4.76 மெகாஹெர்ட்ஸ். ஆனால் பல மலிவான பெட்டிகளில் சிற்றலை 5.9 மெகாஹெர்ட்ஸிலிருந்துதான் தொடங்கும். அந்தப் பெட்டியை வாங்கியவர் எவ்வளவு திருகினாலும் 4.76 வராது. சிற்றலை ரேடியோதான் வாங்கினார். ஆனால் வேண்டிய நிலையம் அதில் இல்லை!

ஆகவே வாங்கும் முன்பே கேட்க விரும்பும் நிலையத்தின் எண்ணை விசாரித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எண்கள் மாறுவது உண்டு. சில நிலையங்கள் மூடப்படுவதும் உண்டு. பிறகு, அந்த எண் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

"12 பேண்ட்" என்று அட்டையில் பெரிதாக எழுதியிருக்கும். அதைப் பார்த்து மயங்கவேண்டாம். ஒரே சிற்றலையைப் பத்துத் துண்டாக வெட்டிப் பத்து பேண்ட் என்பார்கள். துண்டுகளுக்கு நடுவே சில எண்கள் விட்டுப்போயும் இருக்கலாம். எத்தனை பேண்ட் என்பது முக்கியமல்ல. எந்த எண் முதல் எந்த எண் வரை என்பதே முக்கியம்.

முன்பு இருந்ததும் இப்போது இருப்பதும்

ஒரு காலத்தில் சிற்றலை நிறையத் தமிழ் கேட்டது. இலங்கை வானொலிக்குத் தமிழ்நாட்டில் ஏராளமான நேயர்கள் இருந்தார்கள். பி.பி.சி.யின் தமிழோசை 1941ஆம் ஆண்டு தொடங்கியது. 76 ஆண்டுகள் நடந்தது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதியோடு அதன் வானொலி ஒலிபரப்பு நின்றது. இந்தியாவின் சிற்றலை நிலையங்களும் பல மூடப்பட்டுவிட்டன.

ஆகவே, சிற்றலை இருந்தால் எல்லாம் கேட்கும் என்று எண்ணி அதிகப் பணம் போடவேண்டாம். இன்று ஒரு தீவுவாசிக்கு ரேடியோவில் முதலில் வேண்டியது நல்ல மத்திய அலை. அடுத்தது பண்பலை. மூன்றாவது சிற்றலை. அடிக்கடி கப்பலில் போகிறவர், தூரத்துத் தீவில் இருப்பவர், வெளிநாட்டுச் செய்தியில் ஆர்வம் உள்ளவர், இவர்களுக்குச் சிற்றலை நன்கு பயன்படும். மூன்றும் நன்றாக எடுக்கும் பெட்டி கிடைத்தால் மிகவும் நல்லது.

முள்ளா, எண்ணா?

பெட்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் திருகினால் முள் நகரும். இன்னொரு வகையில் சின்னத் திரையில் எண் தெரியும். இதை டிஜிட்டல் என்பார்கள்.

முள் பெட்டி விலை குறைவு. செல்லும் பெரும்பாலும் அதிக நாள் வரும். ஆனால் சிற்றலையில் நிலையங்கள் நெருக்கமாக இருக்கும். மயிரிழை திருகினாலும் தாண்டிப் போய்விடும். நேற்றுக் கேட்ட இடத்தை இன்று தேடவேண்டும்.

டிஜிட்டல் பெட்டியில் எண்ணைப் பார்த்து நேராகப் போகலாம். பிடித்த நிலையங்களைச் சேமித்தும் வைக்கலாம். விலை கூடுதல். எண் படிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு இது மிகவும் வசதி.

கடையில் செய்யவேண்டிய சோதனைகள்

பெட்டியை வாங்கும் முன் கடைக்கு வெளியே கொண்டுவந்து போட்டுப் பாருங்கள். கடைக்குள் எல்.இ.டி. விளக்கு, சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் இருக்கும். அவை இரைச்சலைத் தரும். நல்ல பெட்டியும் அங்கே கரகரக்கும். முடிந்தால் காலை அல்லது மாலை நேரத்தில் போங்கள். இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே நிலையத்தைப் பிடித்து ஒப்பிடுங்கள். இரண்டிலும் புதிய செல் இருக்கவேண்டும்.

முதல் சோதனை: தூரத்து நிலையம். பக்கத்து நிலையத்தை எந்தப் பெட்டியும் எடுக்கும். மெல்லிய குரலில் வரும் தூரத்து நிலையத்தைப் பிடியுங்கள். எந்தப் பெட்டியில் பேச்சு புரிகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது சோதனை: கலப்பு. ஒரு நிலையத்தைக் கேட்கும்போது பக்கத்து நிலையம் உள்ளே நுழைகிறதா? இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதுபோல் இருந்தால் அந்தப் பெட்டிக்குப் பிரித்தெடுக்கும் திறமை குறைவு.

மூன்றாவது சோதனை: நிழல். சில மலிவான பெட்டிகளில் ஒரே நிலையம் இரண்டு இடத்தில் கேட்கும். 9 மெகாஹெர்ட்ஸில் பலமாகக் கேட்பது, 8க்குச் சற்று மேலே மறுபடி கேட்கும். இரண்டாவது உண்மையான நிலையம் அல்ல, நிழல். நிழல் அதிகமாக இருந்தால் மெல்லிய நிலையங்களை அது மறைத்துவிடும்.

நான்காவது சோதனை: நழுவல். நிலையத்தைப் பிடித்துவிட்டுப் பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். நிலையம் தானே நழுவிப் போகிறதா என்று பாருங்கள். ஆனால் ஒன்று. சிற்றலையில் சத்தம் கூடிக் கூடிக் குறைவது இயற்கை. அது வானத்தின் குணம். பெட்டியின் குற்றம் அல்ல.

ஐந்தாவது சோதனை: பேச்சு. பாட்டு நன்றாக இருந்தால் போதாது. செய்தி வாசிப்பவரின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருக்கவேண்டும். புயல் செய்தியில் ஓர் எண் தவறாகக் கேட்டால் ஆபத்து. காதில் மாட்டிக் கேட்கும் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். படகு எஞ்சின் சத்தத்தில் அது உதவும். இரவில் மற்றவர் தூக்கமும் கெடாது.

ஆறாவது சோதனை: கம்பியும் திருகும். ஏரியல் கம்பியை முழுவதும் இழுத்து, மடக்கி, சுற்றிப் பாருங்கள். ஆட்டம் கண்டால் சீக்கிரம் உடையும். இருட்டில் எண் தெரிய விளக்கு இருக்கிறதா? பையில் வைக்கும்போது தானாக ஓடாமல் இருக்கப் பூட்டும் வசதி இருக்கிறதா? பயணத்துக்கு இது மிகவும் வேண்டும். இல்லாவிட்டால் ஊர் போய்ச் சேரும்போது செல் தீர்ந்திருக்கும்.

செல் கணக்கு

எந்தச் செல் போடவேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் தீவுக் கடையில் கிடைக்குமா? பென்சில் செல் சிறிய கடையிலும் கிடைக்கும். உள்ளேயே பொருத்திய பேட்டரியை மட்டும் நம்பும் பெட்டி என்றால் மின்சாரம் இல்லாதபோது என்ன செய்வது? சார்ஜும் ஏறவேண்டும், சாதாரணச் செல்லும் போட முடியவேண்டும். அதுவே தீவுக்கு ஏற்ற பெட்டி. கைப்பிடியைச் சுற்றியோ வெயிலில் வைத்தோ ஓடும் பெட்டிகளும் இருக்கின்றன. அவையும் அவசரத்துக்கு உதவும்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு ஜோடி செல்லின் விலை 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டியில் அது 20 நாள் வருகிறது. ஒரு நாளுக்கு 2 ரூபாய். வருடத்துக்கு 730 ரூபாய். இன்னொரு பெட்டியில் 10 நாள்தான் வருகிறது. ஒரு நாளுக்கு 4 ரூபாய். வருடத்துக்கு 1460 ரூபாய். இரண்டாவது பெட்டி 500 ரூபாய் மலிவாகக் கிடைத்தாலும், ஒரே வருடத்தில் லாபம் போய்விடும். புதிய செல் போடும் தேதியை நோட்டில் எழுதி வையுங்கள். உண்மை தானே தெரியும்.

கப்பலிலும் வீட்டிலும்

கப்பல் இரும்பால் ஆனது. அறைக்குள் ரேடியோ எடுக்காது. இரும்பு அலையைத் தடுக்கும். மேல் தளத்துக்கு வந்தால் எடுக்கும். தகரக் கூரை வீட்டிலும் இதே கதைதான். ஜன்னல் ஓரம் வையுங்கள். அல்லது ஐந்து, ஆறு மீட்டர் மெல்லிய கம்பியை வெளியே கட்டி, அதன் நுனியை ஏரியலில் சுற்றுங்கள். சிற்றலையில் பெரிய மாற்றம் தெரியும். ஆனால் இடி மின்னல் வரும் முன்பே அந்தக் கம்பியைக் கழற்றிவிடவேண்டும். மறக்கக்கூடாது.

மத்திய அலைக்கு அந்த நீட்டுக் கம்பி வேலை செய்யாது. பெட்டிக்கு உள்ளேயே ஒரு கட்டை ஏரியல் இருக்கிறது. பெட்டியையே மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் பலமாகக் கேட்கும்.

கடல் காற்றில் உப்பு இருக்கிறது. செல் தொடும் தகடுகள் பச்சை பிடிக்கும். மாதம் ஒரு முறை உலர்ந்த துணியால் துடையுங்கள். பல நாள் கேட்காமல் வைப்பதானால் செல்லை வெளியே எடுத்துவிடுங்கள். செல் கசிந்தால் பெட்டி பாழ். படகில் போகும்போது கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள்.

பில் வாங்குங்கள்

பணம் கொடுத்ததும் பில் கேளுங்கள். பில்லில் தேதியும் பெட்டியின் பெயரும் விலையும் இருக்கிறதா என்று நீங்களே படியுங்கள். உத்தரவாத அட்டை இருந்தால் கடை முத்திரை வாங்குங்கள். பொருளில் குறை இருந்து கடையில் தீர்க்காவிட்டால் முறையிட வழி உண்டு. 1986இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் புதிதாக்கப்பட்டது. ஆனால் கையில் பில் இருந்தால்தான் பேச்சுக்குப் பலம்.

நண்பர்களே!

பெட்டியின் பளபளப்பைப் பார்க்கவேண்டாம். பேண்ட் எண்ணிக்கையைப் பார்க்கவேண்டாம். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதைக் கேட்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய பெட்டியை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். தினமும் ஒரு முறை செய்தி கேளுங்கள். எந்த நிலையம் எந்த எண்ணில் வருகிறது என்பதை எழுதி, பெட்டியின் பின்புறம் ஒட்டுங்கள். வீட்டில் உள்ள எல்லோருக்கும் அதைப் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். புயல் இரவில் பெட்டியைத் திருகப் போவது பத்து வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம், எழுபது வயதுப் பாட்டியாகவும் இருக்கலாம்.

இரண்டு செல்லைத் தனியாக எடுத்து வையுங்கள். அவசரத்துக்கு அதுவே துணை.